இந்திய மகளிர் லீக் 2018–19: சேது எஃப்.சி. வென்ற பதினெட்டு நாள் பருவம்

இந்திய மகளிர் லீக் 2018–19 என்பது இந்தியாவில் பெண்களுக்கான முதன்மைக் கால்பந்துப் போட்டியின் மூன்றாவது பருவம் ஆகும். இதன் இறுதிச்சுற்று 2019 மே 5 முதல் மே 22 வரை பஞ்சாப் மாநிலம் லூதியானாவில் நடைபெற்றது. மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3–1 என்ற கோல் கணக்கில் வென்று வாகையர் பட்டம் பெற்றது. இந்திய மகளிர் லீக்கில் தமிழ்நாட்டு அணி ஒன்று பெற்ற முதல் பட்டம் இதுவே.

வெற்றி பெரிது. ஆனால் இப்பருவத்தின் வரலாற்றைப் படிப்பவர் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி அதன் நீளம். ஒரு நாட்டின் முதல் நிலைக் கால்பந்துப் பருவம், இறுதிச்சுற்றைப் பொறுத்தவரை, பதினெட்டு நாளில் முடிந்துவிட்டது. பெண்கள் கால்பந்தின் வளர்ச்சியைக் கோப்பைகளின் எண்ணிக்கையைவிடப் பருவத்தின் நீளமே தெளிவாகக் காட்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

பெண்கள் கால்பந்து உலகின் பல நாடுகளில் தடைகளைத் தாண்டியே வளர்ந்தது. 1920 டிசம்பர் 26 அன்று இங்கிலாந்தின் லிவர்பூலில் உள்ள குடிசன் பார்க் மைதானத்தில் பெண்கள் ஆடிய ஆட்டத்தைக் காண ஏறத்தாழ 53,000 பேர் கூடினர். அடுத்த ஆண்டே, 1921-இல், இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்பினர் கழகங்களின் மைதானங்களில் பெண்கள் ஆடுவதைத் தடை செய்தது. அத்தடை அரை நூற்றாண்டுக் காலம் நீடித்தது.

இந்தியாவில் 1975-இல் பெண்கள் கால்பந்துக்கெனத் தனிக் கூட்டமைப்பு தோன்றியது. அதே ஆண்டில் தேசிய சாம்பியன்ஷிப்பும் தொடங்கியது. ஆசிய அளவில் தொடக்கம் நன்றாகவே இருந்தது. 1980-இல் கோழிக்கோட்டிலும், 1983-இல் பாங்காக்கிலும் நடந்த ஆசிய மகளிர் போட்டிகளில் இந்தியா இரண்டாம் இடம் பிடித்தது. 1990-களின் தொடக்கத்தில் பெண்கள் கால்பந்தும் அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பின் பொறுப்பில் வந்தது.

எனினும் நெடுங்காலம் பெண்களுக்கு இருந்த பெரிய மேடை மாநில அணிகள் மோதும் தேசிய சாம்பியன்ஷிப் மட்டுமே. அதில் மணிப்பூரின் ஆதிக்கம் மிகுந்திருந்தது. அந்த ஆதிக்கத்தை மீறித் தமிழ்நாடு தன் முதல் தேசியப் பட்டத்தை 2018 பிப்ரவரியில் ஒடிசாவின் கட்டாக்கில் வென்றது. இறுதி ஆட்டத்தில் மணிப்பூரை 2–1 என்று தோற்கடித்தது. சேது எஃப்.சி.யின் வெற்றி அதற்கு அடுத்த ஆண்டில் வந்தது. எனவே 2019-ஐத் தற்செயலாகக் கிடைத்த வெற்றியாகக் கொள்ள இயலாது.

லீக் தொடங்கிய விதம்

ஆண்களுக்கான தேசியக் கால்பந்து லீக் 1996-இல் தொடங்கியது. பெண்களுக்கான லீக் தொடங்க மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. முதல் பருவமான 2016–17-இன் இறுதிச்சுற்று புது தில்லியில் 2017 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் நடந்தது. மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன் முதல் வாகையர் ஆனது. இரண்டாம் பருவத்தை 2018-இல் ஷில்லாங்கில் ஒடிசாவின் ரைசிங் ஸ்டூடண்ட்ஸ் கிளப் வென்றது. அப்பருவத்தில் சேது எஃப்.சி.யுடன் கடலூரின் இந்திரா காந்தி அகாடமி அணியும் ஆடியது. ஏழே அணிகள் கொண்ட போட்டியில் இரண்டு தமிழ்நாட்டிலிருந்து சென்றவை.

பெயர் லீக் என்று இருந்தாலும், அமைப்பு அப்படி இருக்கவில்லை. லீக் என்றால் ஓர் அணி தன் ஊரில் ஒரு முறையும் எதிரணியின் ஊரில் ஒரு முறையும் ஆடும். பல மாதங்கள் நடக்கும். இங்கோ எல்லா அணிகளும் ஒரே ஊரில் கூடின, சில வாரங்கள் ஆடின, கலைந்தன. திருவண்ணாமலையில் இருப்பவர்களுக்கு இந்த வேறுபாட்டை எளிதாகச் சொல்லலாம். கார்த்திகைத் தீபத் திருவிழாவின் பத்து நாளும் ஊர் கொள்ளாத கூட்டம். ஆனால் கோயில் நிற்பது நாள்தோறும் தவறாமல் நடக்கும் பூசையால். இந்திய மகளிர் லீக் திருவிழாவாகத் தொடங்கியது. நித்திய பூசையாக மாறவில்லை.

லூதியானாவில் நடந்தது

2018–19 இறுதிச்சுற்றில் 12 அணிகள் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு அணிக்கும் பிரிவில் ஐந்து ஆட்டங்கள். அதன்பின் அரையிறுதி, இறுதி. ஆக, கோப்பையை வென்ற அணி ஆடியது ஏழு ஆட்டங்கள். ஓர் ஆட்டத்துக்கு 90 நிமிடம் என்று கணக்கிட்டால் மொத்தம் 630 நிமிடங்கள், அதாவது பத்தரை மணி நேரம்.

மே மாதம் பஞ்சாபில் கோடையின் உச்சம். அந்த வெயிலில் பதினெட்டு நாளில் ஏழு ஆட்டம் என்பது உடலை வருத்தும் அட்டவணை. இரண்டு ஆட்டங்களுக்கு இடையே ஓய்வு குறைவு. ஒரு வீராங்கனைக்குக் கணுக்கால் பிசகி இரண்டு வாரம் ஓய்வு தேவைப்பட்டால், அவருக்கு அந்த ஆண்டின் லீக்கே முடிந்துவிடும். பல மாதங்கள் நடக்கும் லீக்கில் அவர் குணமாகித் திரும்பி வரலாம். தோற்ற அணியும் தவறைத் திருத்திக்கொள்ளலாம். குறுகிய போட்டி அந்த வாய்ப்பைத் தருவதில்லை.

சேது அணியில் நேபாளத்தின் முன்கள வீராங்கனை சபித்ரா பண்டாரியும் ஆடினார். தமிழ்நாட்டு வீராங்கனைகள், பிற மாநிலத்தவர், அண்டை நாட்டவர் என்று பலரும் ஒரே அணியாக ஆடும் முறை, மாநில அணிகள் மோதும் தேசிய சாம்பியன்ஷிப்பில் இல்லாதது. கழக லீக் தந்த புதிய வழி அது.

ஒரு குறை மட்டும் இருந்தது. மதுரை அணி இந்தியாவின் வாகையர் ஆனபோது, இறுதிச்சுற்றின் ஓர் ஆட்டம்கூட மதுரையில் நடக்கவில்லை. தம் ஊர் அணியின் வெற்றியை மைதானத்தில் பார்க்க மதுரைச் சிறுமி நாட்டின் மறுகோடிக்குச் செல்ல வேண்டியிருந்தது. பார்த்துப் பழகாத விளையாட்டில் குழந்தைக்கு ஆசை எழுவது கடினம்.

அதே மாதம், ஸ்பெயினில்

ஒப்பிட்டுப் பார்க்க ஸ்பெயின் நல்ல எடுத்துக்காட்டு. அங்கும் பெண்கள் கால்பந்து தாமதமாகவே ஏற்கப்பட்டது. ஸ்பெயின் கால்பந்துக் கூட்டமைப்பு 1980-இல்தான் பெண்கள் ஆட்டத்தை முறையாக ஏற்றது. தேசிய லீக் 1988–89-இல் தொடங்கியது. அந்நேரத்தில் ஸ்பெயின் இந்தியாவைவிட வெகுதூரம் முன்னே இருந்தது என்று சொல்ல இயலாது.

ஆனால் 2018–19-க்குள் ஸ்பெயினில் முதல் நிலைக்குக் கீழே இரண்டாம் நிலையிலும் பெண்களுக்கு முழுப் பருவம் இருந்தது. அப்போது அந்த இரண்டாம் நிலை, வட்டார அடிப்படையில் ஏழு பிரிவுகளாக இயங்கியது. செப்டம்பரில் தொடங்கி மே வரை ஆட்டங்கள் நடந்தன. பிரிவுகளில் முன்னிலை பெற்ற அணிகள் மேல்நிலைக்கு உயர மீண்டும் மோதின. சேது லூதியானாவில் கோப்பையை உயர்த்திய அதே 2019 மே மாதத்தில், மாட்ரிட் நகரின் தகோன் என்ற சிறிய கழகம் இரண்டாம் நிலையிலிருந்து முதல் நிலைக்கு உயர்ந்தது. 2020-இல் அக்கழகம் ரியல் மாட்ரிட்டுடன் இணைந்து, அதன் மகளிர் அணியாயிற்று. உலகப் புகழ் பெற்ற ஆண்கள் கழகம், பெண்கள் அணிக்காகச் சென்று சேர்ந்த இடம் இரண்டாம் நிலையில் வளர்ந்த ஒரு சிறு கழகம் என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ளலாம்.

2019–20-இல் இரண்டாம் நிலை திருத்தி அமைக்கப்பட்டது. ஏழு பிரிவுகளுக்குப் பதிலாக வடக்கு, தெற்கு என இரு பிரிவுகள். ஒவ்வொன்றிலும் 16 அணிகள். எல்லோரும் எல்லோருடனும் இருமுறை ஆடினால் ஓர் அணிக்கு 30 ஆட்டங்கள். கொரோனாத் தொற்றால் அப்பருவம் இடையில் நின்றது. அதுவரை முன்னிலையில் இருந்த எய்பார், சாந்தா தெரேசா ஆகிய அணிகள் மேல்நிலைக்கு உயர்த்தப்பட்டன.

ஸ்பெயினிலும் எல்லாம் தானாகக் கிடைத்துவிடவில்லை. 2019 நவம்பரில் முதல் நிலை வீராங்கனைகள் வேலைநிறுத்தம் செய்தனர். 2020-இல் முதல் கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. முழுநேர வீராங்கனைக்கு ஆண்டுக்குக் குறைந்தது 16,000 யூரோ ஊதியம் என்று அது வகுத்தது. 2023 ஆகஸ்ட் 20 அன்று சிட்னியில் இங்கிலாந்தை 1–0 என்று வென்று ஸ்பெயின் உலகக் கோப்பையைப் பெற்றது. அந்தக் கோப்பைக்குப் பின்னே மாதக்கணக்கில் நடந்த பருவங்கள் பல இருந்தன.

குறுகிய பருவமும் வாழ்வாதாரமும்

பதினெட்டு நாள் ஆட்டத்துக்கு எந்தக் கழகமும் ஆண்டு முழுவதும் ஊதியம் தர முன்வராது. எனவே இந்தியாவில் கால்பந்து வீராங்கனைகள் அரசு வேலையை நாடினர். லூதியானா இறுதி ஆட்டத்தில் தோற்ற அணி காவல்துறை அணி. எஸ்.எஸ்.பி. எனப்படும் எல்லைக் காவல் படையின் மகளிர் அணியும் அப்பருவத்தில் ஆடியது. ரயில்வேயும் நெடுங்காலமாகப் பெண்கள் அணியை வைத்திருக்கிறது. இத்துறைகள் இல்லாவிட்டால் பலர் இருபது வயதிலேயே ஆட்டத்தைக் கைவிட்டிருப்பர். அவர்களுக்கு ஊதியம் தந்தது ஆட்டம் அல்ல, வேலை.

கடலூரைச் சேர்ந்த நடுக்கள வீராங்கனை இந்துமதி கதிரேசன் இதற்குத் தெளிவான சான்று. தமிழ்நாட்டு அணியிலும் இந்திய அணியிலும் ஆடிய இவர் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020-இல் ஊரடங்கின்போது சென்னையில் சாலைப் பாதுகாப்புப் பணியில் நின்றார். இந்தியாவுக்காக ஆடும் ஒருவர் சீருடையணிந்து கடமையைச் செய்தது பெருமைக்குரியது. ஆயினும் அவருடைய வாழ்வுக்கு உறுதி தந்தது கால்பந்து அல்ல என்பதும் உண்மையே.

வாகையர் ஆன சேதுவுக்கு அடுத்த படியும் திறந்திருக்கவில்லை. ஆசிய மகளிர் கழகப் போட்டி 2019 நவம்பரில் தென்கொரியாவில் சோதனை முறையில் நடந்தபோது ஜப்பான், தென்கொரியா, சீனா, ஆஸ்திரேலியா ஆகிய நான்கு நாடுகளின் கழகங்களே ஆடின. இந்தியக் கழகம் ஒன்று அப்போட்டியில் ஆடியது 2021-இல்தான். அது கோகுலம் கேரளா.

பருவம் நீண்ட கதை

2020-இல் பெங்களூருவில் நடந்த நான்காம் பருவத்தைக் கோகுலம் கேரளா வென்றது. கொரோனாவால் அடுத்த பருவம் நடக்கவில்லை. 2022-இல் புவனேசுவரத்தில் 12 அணிகள் ஒன்றையொன்று ஒருமுறை சந்தித்தன. ஓர் அணிக்கு 11 ஆட்டங்கள். கடைசி நாளான மே 26 அன்று, அதுவரை தோல்வியே காணாத கோகுலமும் சேதுவும் நேருக்கு நேர் மோதின. கோகுலம் 3–1 என்று வென்றது. சேது இரண்டாம் இடம் பெற்றது.

உண்மையான மாற்றம் 2023–24-இல் வந்தது. முதல்முறையாக ஆட்டங்கள் சொந்த மைதானம், எதிரணி மைதானம் என்ற முறையில் நடந்தன. சேது உட்பட ஏழு அணிகள்; ஓர் அணிக்கு 12 ஆட்டங்கள். டிசம்பரில் தொடங்கிய பருவம் மார்ச் வரை நீண்டது. ஒடிசா எஃப்.சி. வாகையர் ஆனது. லீக் கழகங்கள் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் ஊதிய ஒப்பந்தம் தர வேண்டும் என்றும் கூட்டமைப்பு 2023-இல் அறிவித்தது. பருவம் நீண்டதும் ஊதியம் பற்றிய பேச்சு வந்ததும் ஒரே காலத்தில் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதே 2023–24-இல் இந்திய மகளிர் லீக் 2 என்ற இரண்டாம் நிலையும் தொடங்கியது. அதை வென்ற கொல்கத்தாவின் ஸ்ரீபூமி எஃப்.சி. மேல்நிலைக்கு உயர்ந்தது. கீழே ஒரு நிலை இருந்தால்தான் சிற்றூர்க் கழகத்துக்கு ஏணி இருக்கும். தகோன் கழகம் ஏறிய ஏணி அதுதான். 2024–25-இல் முதல் நிலை எட்டு அணிகளாகவும் ஓர் அணிக்கு 14 ஆட்டங்களாகவும் வளர்ந்தது. ஈஸ்ட் பெங்கால் பட்டம் வென்றது. 2025 ஜூலையில் இந்தியா தாய்லாந்தை அந்நாட்டிலேயே 2–1 என்று வென்று, 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது.

மதிப்பீடு

ஏழு ஆட்டம், பதினொன்று, பன்னிரண்டு, பதினான்கு: ஐந்தாறு ஆண்டுகளில் எண்ணிக்கை இரட்டிப்பாகியுள்ளது. ஆயினும் 2019–20-இல் ஸ்பெயினின் இரண்டாம் நிலை வகுத்திருந்த 30-இல் அது பாதியை இன்னும் எட்டவில்லை. 2019-இல் சேது வென்ற கோப்பையின் பெருமையை இது குறைப்பதில்லை. பத்தரை மணி நேர ஆட்டத்துக்காக ஆண்டு முழுவதும் பயிற்சி செய்த பெண்கள் வென்ற கோப்பை அது.

விளையாட்டு வரலாறு படிக்கும் மாணவர்கள் யார் வென்றார் என்பதோடு நிறுத்தாமல் எத்தனை நாள், எத்தனை ஆட்டம், எந்த ஊர் என்ற மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டும். ஒரு பெண் பள்ளி முடித்தபின்னும் பந்தைத் தொடர முடியுமா என்பதற்கான விடை அந்த மூன்றில்தான் இருக்கிறது.