மேகம் குடிக்கும் காற்று

சித்திரை மாதப் பிற்பகலில் லிங்கராஜபுரம் மேம்பாலத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், காலிஃபிளவர் போல மொட்டு மொட்டாகத் திரண்டெழும் மேகங்களைக் காணலாம். சில அரைமணி நேரத்தில் கரைந்துவிடும். சில மேலும் மேலும் உயர்ந்து, மாலையில் கோடைமழையாகக் கொட்டும். எது கரையும், எது கொட்டும் என்பது மொட்டைமாடியில் துணி உலர்த்தியவர்களின் கவலை மட்டுமன்று. கொந்தளிக்கும் தாரையொன்றின் ஆற்றலை எப்படி மதிப்பிடுவது என்னும் பழைய கேள்வியும் அதனுள் இருக்கிறது. அக்கேள்வியின் வரலாற்றில் முக்கியமான திருப்பம் ஒன்று, இங்கிருந்து மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில், பழைய பெங்களூர்த் தமிழர்கள் 'டாட்டா இன்ஸ்டிடியூட்' என்றே வழங்கும் இந்திய அறிவியல் கழகத்தில் நிகழ்ந்தது.

'தாரை வார்த்தல்' என்னும் வழக்கிலுள்ள தாரை அமைதியாக விழும் நீர். இயற்பியலார் பேசும் தாரைக்கு அந்த அடக்கம் கிடையாது. துளையிலிருந்து பீறிட்ட கணம் முதல் அது சுற்றியுள்ள அசைவற்ற நீரையோ காற்றையோ தன்னுள் இழுத்துக்கொண்டே செல்கிறது. துளையின் விட்டத்தைப் போல் 30 மடங்கு தொலைவை அடையும்போது, அதனுடன் பாயும் பொருளின் அளவு தொடக்கத்தைப் போல் ஏறத்தாழ 10 மடங்காகிவிடுவதை ரிக்கோவும் ஸ்பால்டிங்கும் 1961இல் வெளியிட்ட அளவீடுகள் காட்டின. உந்தம் மாறுவதில்லை, அதைச் சுமக்கும் பொருள் பெருகுவதால் வேகம் தளர்கிறது. தொலைவு இருமடங்கானால் வேகம் பாதியாகும். தாரை கடத்தும் இயக்க ஆற்றலும் பாதியாகும். எஞ்சியது பெருஞ்சுழல்களுக்கும், அவை உடைந்து உருவாகும் சிறுசுழல்களுக்கும் போய், இறுதியில் வெப்பமாக மாறுகிறது.

அந்த இழப்பை அளப்பது எளிதன்று. 1935இல் ஜி. ஐ. டெய்லர் ஒரு குறுக்குவழி சொன்னார்: பெருஞ்சுழல்களின் வேகத்தை மும்மடியாக்கி, அவற்றின் அளவால் வகுத்தால் இழப்பு வீதம் கிட்டிவிடும். ஆற்றலை வெப்பமாக்குவது பாகுநிலை. ஆனால் இந்தக் கணக்கில் பாகுநிலைக்கு இடமே இல்லை! இந்த விந்தையைப் பல அளவீடுகளைத் திரட்டி 1984இல் சோதித்துப் பார்த்தவர் கே. ஆர். ஸ்ரீனிவாசன். கோலாரில் பிறந்த அவர், இதே கழகத்தில் ரோத்தம் நரசிம்மாவிடம் ஆய்வு செய்தவர்.

டெய்லரின் இன்னொரு எளிமையான ஊகம், மார்ட்டன், டர்னர் ஆகியோருடன் அவர் 1956இல் எழுதிய கட்டுரையால் புகழ்பெற்றது. வெப்பத்தால் எழும் புகைத்தூண் பக்கங்களிலிருந்து காற்றை உள்ளிழுக்கும் வேகம், தூணின் சொந்த வேகத்தில் ஒரு மாறாத பங்கு என்பதே அது. அந்தப் பங்கு சுமார் பத்தில் ஒன்று. புகைபோக்கிக்கும் எரிமலைக்கும் இது அழகாகப் பொருந்தியது. மேகத்திற்குப் பொருந்தவில்லை. இந்தக் கணக்கின்படி வறண்ட காற்றைக் குடித்துக் குடித்து மேகம் பாதிவழியிலேயே நீர்த்துப்போக வேண்டும். ஆனால் வெப்பமண்டலத்தில் நீர்த்துப்போகாத நடுப்பகுதியுடன் மேகங்கள் பல கிலோமீட்டர் உயரத்துக்குச் செல்ல வேண்டும் என்று ரீலும் மால்கஸும் 1958இலேயே வாதிட்டிருந்தனர்.

நரசிம்மா பிடித்த நுனி இதுதான். புகைத்தூணுக்கு வெப்பம் அடியிலேயே கிடைத்துவிடுகிறது. மேகமோ வழிநெடுகத் தனக்குத்தானே வெப்பமூட்டிக்கொள்கிறது. ஒரு கிலோ நீராவி நீர்த்துளிகளாகும்போது சுமார் 25 லட்சம் ஜூல் வெளிப்படுகிறது. இதை ஆய்வுக்கூடத்தில் நிகழ்த்த அவரும் ஜி. எஸ். பட்டும் மற்றவர்களும் கண்டுபிடித்த வழி வெகு சாதுரியமானது. கண்ணாடித் தொட்டியில் மின்சாரம் எளிதில் கடத்தாத தூய நீர். கீழிருந்து மேலே பாயும் தாரையில் மட்டும் சிறிது அமிலம். தாரையின் பாதையில் குறுக்கே மெல்லிய கம்பிவலைகள். மின்சாரம் பாய்ச்சினால் அமிலம் கலந்த தாரை மட்டுமே, அதுவும் குறிப்பிட்ட உயரத்தில் மட்டுமே, சூடாகும். அடுப்பில்லாமல், ஓடும் நீரின் உள்ளேயே அடுப்பு!

சூடேறிய தாரை கூடுதல் வேகம் பெற்றது. எனவே முன்னிலும் அதிகமாகக் குடிக்கும் என்று எதிர்பார்ப்பதே இயல்பு. நடந்தது வேறு. வெளிநீரை வளைத்து இழுத்துவரும் பெருஞ்சுழல்களின் ஒழுங்கை வெப்பம் குலைத்துவிட்டது. உள்ளிழுப்பு குறைந்தது, தாரை முன்போல் அகலவில்லை. பட்டும் நரசிம்மாவும் 1996இல் இதை வெளியிட்டனர். வெப்பமூட்டும் முறையை மாற்றி மாற்றி, வானில் காணும் பலவகைத் திரள்மேகங்களின் வடிவங்களைத் தொட்டிக்குள்ளேயே உருவாக்கிக் காட்டிய கட்டுரை 2011இல் வந்தது. அப்போது நரசிம்மாவுக்கு வயது எழுபத்தேழைத் தாண்டியிருந்தது.

மாறாத பங்கு என்று ஒன்று இல்லையெனில், மேகம் எவ்வளவு ஆற்றலை இழக்கிறது, எவ்வளவைத் தக்கவைக்கிறது என்னும் இரண்டு மதிப்பீடுகளும் பிழையாகும். பருவமழையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் தனித்தனி மேகத்தைக் காணமாட்டா. உள்ளிழுப்புக்கு ஏதேனும் ஓர் எண்ணையோ வாய்பாட்டையோ அவற்றுக்குக் கொடுத்தாக வேண்டும். அதைச் சற்றே கூட்டினால், உயர்ந்து பொழிய வேண்டிய மேகம் கணக்கிலேயே கரைந்துவிடுகிறது. விதைப்புக்குக் காத்திருப்பவருக்குப் போய்ச் சேரும் முன்னறிவிப்பும் அதோடு மாறிவிடுகிறது.