வெப்பப் பகுதிக்குப் போன்சாய் மரங்களை இடம்பெயர்த்தல்

கடுங்குளிர் நிலவும் ஊரில் வளர்ந்த போன்சாய் மரங்களை, குளிர் குறைந்த அல்லது குளிரே இல்லாத ஊருக்குக் கொண்டுசென்று நிலைப்படுத்தும் பணி இது. அமெரிக்காவில் பணி ஓய்வுக்குப் பின் வடகிழக்கு மாநிலங்களை விட்டுப் புளோரிடாவில் குடியேறுவோர் ஏராளம். அவர்களோடு மேப்பிள், ஜூனிப்பர், பைன் சட்டிகளும் பயணப்படுவதால் இதன் சிக்கல்கள் அங்கே நன்றாகவே தெரியும். புது ஊரின் வெயில் மரத்தைக் கொன்றுவிடும் என்றுதான் பலரும் அஞ்சுகிறார்கள். வெயிலுக்கு நிழல்வலை கட்டிவிடலாம். இல்லாமல் போகும் குளிர்காலத்துக்கு ஈடு செய்வதுதான் கடினம்.

குளிர்த் தேவை

இலையுதிர் மரங்களும் மிதவெப்ப நாடுகளின் ஊசியிலை மரங்களும் பகல் குறுகுவதையும் குளிர் ஏறுவதையும் உணர்ந்து உறக்கநிலைக்குப் போகின்றன. ஏறத்தாழ 0 முதல் 7 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் பல நூறு மணி நேரம் இருந்த பிறகே மொட்டுகள் ஒழுங்காகத் துளிர்க்கும். தேவையான அளவு இனத்துக்கு இனம் மாறும். மயாமியில் பெரும்பாலான ஆண்டுகளில் 100 மணி நேரக் குளிர்கூடத் தேறாது. குறைந்த குளிரிலேயே காய்க்கும் பீச் வகைகளைப் புளோரிடாப் பல்கலைக்கழகம் உருவாக்க வேண்டியிருந்ததும் இதனால்தான். பகலின் நீளமும் மாறிவிடுகிறது. ஆண்டின் மிகக் குறுகிய பகல் பாஸ்டனில் சுமார் 9 மணி நேரம், மயாமியில் சுமார் பத்தரை மணி நேரம். ஓய்வெடுக்கச் சொல்லும் இரண்டு குறிப்புகளுமே அங்கே மரத்துக்கு மங்கலாகத்தான் கிடைக்கின்றன.

முதல் ஆண்டு பெரும்பாலும் ஏமாற்றும். சேமித்த மாவுச்சத்தும் பழைய ஊரில் பெற்ற குளிரும் துணை நிற்பதால் மரம் செழித்துத் தெரியும். அடுத்த வசந்தத்தில் ஜப்பானிய மேப்பிளின் ஒரு கிளையை அருகிலிருந்து பார்த்தால் நிலைமை புரியும். நுனி மொட்டு மட்டும் விரிந்திருக்கும். அதற்குக் கீழே உள்ள மொட்டுகள் வாரக்கணக்கில் அப்படியே நிற்கும், சில விரியாமலே காய்ந்து உதிரும். உள்பக்கச் சிறுகுச்சிகளை நகத்தால் கீறினால் பச்சைக்குப் பதில் பழுப்பு தெரியும். தோட்டத்து மரத்துக்கு இது சிறிய இழப்பு. பல ஆண்டுகள் கிள்ளிக் கிள்ளி உருவாக்கிய நுண்கிளைகளே அழகாக அமைந்த போன்சாய்க்கு இது உயிரிழப்புக்குச் சமம். வெப்பமான இரவுகள் வேறு சுவாசத்தைக் கூட்டி, பகலில் சேர்த்த சர்க்கரையைக் கரைக்கின்றன. இப்படி மெலியும் மரம் இரண்டு மூன்று ஆண்டுகளில் பட்டுப்போவதும் உண்டு.

அமெரிக்க வேளாண் துறையின் குளிர் தாங்குதிறன் வரைபடத்தைத் தவறாகப் படிப்பதும் இழப்புக்கு ஒரு காரணம். அது நாட்டை 13 மண்டலங்களாகப் பிரிப்பது ஆண்டின் மிகக் குறைந்த வெப்பநிலையின் சராசரியை மட்டும் வைத்து. ஐந்தாம் மண்டலத்தில் பிழைத்த மரத்துக்குப் பத்தாம் மண்டலம் இன்னும் இதமாக இருக்கும் என்று அதிலிருந்து முடிவு செய்யக் கூடாது. 30 டிகிரியைத் தாண்டும் நாட்களை எண்ணி அமெரிக்கத் தோட்டக்கலைச் சங்கம் 1997இல் வெளியிட்ட வெப்ப மண்டல வரைபடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எப்போது மாற்றுவது

குளிர்காலத்தின் கடைசி வாரங்களே ஏற்றவை. அதற்குள் அந்த ஆண்டுக்கான குளிர் கிடைத்திருக்கும், மொட்டுகள் இன்னும் விரிந்திருக்காது. புது இலைகள் புது ஊரின் வெயிலிலேயே பிறப்பதால் அதைத் தாங்கும் தன்மையோடு வளரும். கோடையில் மாற்றினால் வடக்கே விரிந்த மென்மையான இலைகள் சில நாட்களில் ஓரம் கருகிவிடும். இலையுதிர்காலத்தில் மாற்றினால் உறக்கமே வராமல் போகலாம். இடமாற்றமும் சட்டி மாற்றமும் ஒரே பருவத்தில் கூடாது.

சட்டியும் நீரும்

போன்சாய்ச் சட்டி ஆழமற்றது. வெயில் பட்டால் மண் முழுவதும் சூடேறும், 38 டிகிரியை நெருங்கும்போது பல இனங்களில் வேர் வளர்ச்சி நின்றுவிடும். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் படும் இடம், மண்மேல் பாசிப் போர்வை, முதல் கோடையில் 30 முதல் 50 விழுக்காடு நிழல் தரும் வலை ஆகியவை உதவும். புளோரிடாவின் மழைக்காலத்தில் வேர் அழுகாமலிருக்க பியூமிஸ், எரிமலைக்கல் போன்ற நீர்வடியும் கலவை தேவை. தென் புளோரிடாவின் நிலத்தடி நீர் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருவது. அதை மட்டுமே ஊற்றினால் இலை வெளிறும் என்பதால் மழைநீரைச் சேமித்துவைப்பது நல்லது. உறைபனி இல்லாத ஊரில் செதில்பூச்சியும் சிலந்திப்பேனும் ஆண்டு முழுவதும் இருக்கும்.

தாங்கும் மரங்கள்

லார்ச் மரத்தைத் தென் புளோரிடாவுக்குக் கொண்டுபோவது வீண் முயற்சி. ஜப்பானிய வெள்ளைப் பைனும் நீடிப்பது அரிது. ட்ரைடென்ட் மேப்பிள் ஜப்பானிய மேப்பிளைவிடச் சூட்டைத் தாங்கும், ஆனாலும் அதற்கும் ஓரளவு குளிர் வேண்டும். சீன எல்ம் குளிர் குறைந்த ஊர்களில் இலையை முழுதும் உதிர்க்காமலே வாழப் பழகிவிடும். ஜப்பானிய கரும்பைன் கடலோர மரம், வெப்பத்துக்கு அஞ்சாது. ஆனால் வளர்பருவம் நீள்வதால், வசந்தத் துளிரை வடக்கே வெட்டும் நாளுக்குச் சில வாரங்கள் தள்ளியே வெட்ட வேண்டும். அவசரப்பட்டால் இரண்டாம் ஊசிகள் நீண்டு மரத்தின் அளவுப் பொருத்தம் கெடும். சிறு மரங்களைச் சிலர் குளிர்பதனப் பெட்டியில் சில வாரங்கள் வைத்துச் செயற்கையாகக் குளிர் ஊட்டுகிறார்கள். ஓரிரு மரங்களுக்கு இது சரி, பெரிய சேகரிப்புக்கு நடக்கிற காரியமல்ல.

பயணத்துக்கு முன் சட்டத்தையும் பார்க்க வேண்டும். ஸ்பாஞ்சி அந்துப்பூச்சி பரவிய மாநிலங்களை விட்டுப் போகிறவர்கள், வெளியில் வைத்திருந்த சட்டிகளிலும் பலகைகளிலும் முட்டைத் திரள் இல்லை என்று சோதித்தாக வேண்டும். கலிபோர்னியாவின் எல்லைச் சாவடிகளில் செடிகளை ஆய்வு செய்கிறார்கள்.

புது மண்ணுக்கு உரிய மரங்களைத் தேடிக்கொள்வது இன்னொரு வழி. லாஸ் ஏஞ்சல்ஸில் வாழ்ந்த ஜான் நாகா (1914–2004) பாலைநிலக் கலிபோர்னியா ஜூனிப்பரைப் போன்சாய்க்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். புளோரிடாவில் கடலோரப் பட்டன்வுட், சதுப்புநில பால்ட் சைப்ரஸ், ஆல், அத்தி இனத்தைச் சேர்ந்த ஃபைகஸ், காகிதப்பூ ஆகியவை அந்த இடத்தைப் பிடித்தன. போன்சாய்க் கலைஞர் ஜிம் ஸ்மித் வளர்த்த இத்தகைய வெப்பமண்டல மரங்களை ஃபோர்ட் பியர்ஸ் நகரின் ஹீத்கோட் தாவரவியல் தோட்டத்தில் பொதுமக்கள் பார்க்கலாம்.