குவாண்டனாமோ: முடிவுத் தேதி இல்லாத ஒரு குத்தகை



வாடகை ஒப்பந்தம் என்றால் நம் எல்லோருக்கும் 11 மாதம்தான் நினைவுக்கு வரும். மாதா மாதம் வாடகை, ஆண்டுக்கு ஒரு முறை ஐந்து சதவீதமோ பத்து சதவீதமோ உயர்வு, காலி செய்ய இரண்டு மாத நோட்டீஸ். இவை எதுவும் இல்லாத ஒரு குத்தகை உலகத்தில் இருக்கிறது. 120 ஆண்டுகளைத் தாண்டியும் குடியிருப்பவர் காலி செய்யவில்லை. வீட்டுக்காரரோ வாடகையை வாங்க மறுக்கிறார்.

கியூபாவின் தென்கிழக்குக் கரையில் உள்ள குவாண்டனாமோ விரிகுடாவில் இருக்கும் அமெரிக்கக் கடற்படைத் தளத்தைத்தான் சொல்கிறேன். பெயரைக் கேட்டதும் சிறைச்சாலைதான் உங்கள் கண்முன் வரும். அது 2002-க்குப் பிறகு வந்தது. அதற்கு முன்பே நூறாண்டுகளாக அங்கே குடும்பங்கள் வாழ்ந்தன, பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள், வேலைக்காரர்கள் தினமும் வாசலைக் கடந்து வந்து போனார்கள். அந்தக் கதை பலருக்குத் தெரியாது.

வாடகைக் கணக்கு

1898-இல் ஸ்பெயினுடன் நடந்த போரில் அமெரிக்கப் படைகள் இந்த விரிகுடாவில் இறங்கின. ஸ்பெயின் வெளியேறி கியூபா தனி நாடானபோது, 1903-இல் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. நீராவிக் கப்பல்களுக்கு நிலக்கரி நிரப்பவும் கடற்படைத் தளம் அமைக்கவும் இடம் வேண்டும் என்பது காரணம். நீரும் நிலமும் சேர்த்து 45 சதுர மைல். வாடகை ஆண்டுக்கு 2,000 டாலர், அமெரிக்கத் தங்க நாணயத்தில். இறுதி இறையாண்மை கியூபாவுக்கு, முழு அதிகாரமும் கட்டுப்பாடும் அமெரிக்காவுக்கு என்று எழுதிக்கொண்டார்கள். பட்டா ஒருவர் பெயரில், சாவி இன்னொருவர் கையில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1934-இல் போட்ட புதிய உடன்படிக்கையில் இன்னொரு விதி சேர்ந்தது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டால்தான், அல்லது அமெரிக்கா தானாக விட்டுப் போனால்தான், குத்தகை முடியும். வீட்டுக்காரர் மட்டும் "காலி செய்" என்றால் செல்லாது.

தங்கத்தில் பேசிய வாடகை என்பதால், தங்கத்தின் அதிகாரபூர்வ விலை மாறியபோது தொகையும் மாறியது. அவுன்ஸ் 20.67 டாலராக இருந்தபோது 2,000. அதே தங்கத்தை 1973-இல் வந்த 42.22 டாலர் விலையில் கணக்கிட்டுப் பாருங்கள், 4,085 டாலர் வரும். அத்துடன் நின்றுவிட்டது. ஏக்கருக்கு ஆண்டுக்குச் சுமார் 14 சென்ட்!

1959-இல் ஃபிடல் காஸ்ட்ரோ ஆட்சிக்கு வந்தார். அந்த ஆண்டு வந்த வாடகைக் காசோலை ஒன்று மட்டும் பணமாக்கப்பட்டது. புரட்சியின் தொடக்கக் குழப்பத்தில் நடந்தது என்றார் காஸ்ட்ரோ. காசோலையை மாற்றியதே குத்தகையை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம் என்றது அமெரிக்கா. அதற்குப் பின் வந்த எதையும் அவர் மாற்றவில்லை. மேசை இழுப்பறையில் போட்டு வைத்து, தொலைக்காட்சிப் பேட்டியில் எடுத்துக் காட்டினார். அவை கியூபாவில் இப்போது இல்லாத ஒரு பதவியின் பெயருக்கு, "குடியரசின் தலைமைப் பொருளாளர்" என்று எழுதப்பட்டவை.

வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நம் நாட்டில் காசோலைக்கு ஆயுள் முன்பு ஆறு மாதம், 2012 ஏப்ரலிலிருந்து மூன்று மாதம். அமெரிக்கக் கருவூலக் காசோலைக்கு ஒரு வருடம். காலாவதியான காசோலையை நாங்கள் ஒரு சீட்டு இணைத்துத் திருப்பி அனுப்பிவிடுவோம். அங்கே அது ஒரு நாட்டின் மறுப்புக் கடிதமாகவே ஆகிவிட்டது.

வேலிக்குள் ஓர் ஊர்

தளத்தில் பிள்ளைப் பருவத்தைக் கழித்தவர்களின் நினைவுகளில் அது ஒரு சின்ன அமெரிக்க ஊர். 1898 போரின் கடற்படைத் தளபதி சாம்ப்சன் பெயரில் பள்ளிக்கூடம். திறந்தவெளித் திரையரங்கு. சாலையில் குறுக்கே போகும் பெரிய உடும்பு போன்ற இகுவானாக்கள், அவற்றுக்கு வழி விட்டு மெதுவாகப் போகும் பழைய கார்கள். விரிகுடா தளத்தை இரண்டாகப் பிரிப்பதால் விமான நிலையத்துக்கு படகில்தான் போக வேண்டும். 1986-இல் மெக்டொனால்ட்ஸ் கடைகூட வந்தது. கியூபா மண்ணில் உள்ள அந்த ஒரே கடையில் கியூபா மக்கள் சாப்பிட முடியாது.

அந்த அமைதி 1962 அக்டோபர் 22 அன்று கலைந்தது. ஏவுகணை நெருக்கடி. வீட்டு வாசலுக்குப் பேருந்துகள் வந்து நின்றன. ஆளுக்கு ஒரு பை. நாய் பூனைகளை முற்றத்தில் கட்டிவிட்டு, சாவியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு வரச் சொன்னார்கள். பெண்களும் குழந்தைகளும் கப்பலேறி வர்ஜீனியாவின் நார்ஃபோக் நோக்கிப் போனார்கள். ஆண்கள் தளத்தில் தங்கினார்கள். அன்று இரவுதான் அதிபர் கென்னடி நாட்டு மக்களுக்கு விஷயத்தைச் சொன்னார். டிசம்பரில்தான் குடும்பங்கள் திரும்பின.

தண்ணீர் நின்ற நாள்

நமக்கு நன்றாகப் புரியக்கூடிய அத்தியாயம் இது. தளத்துக்குத் தண்ணீர் கியூபாவின் யாத்தெராஸ் ஆற்றிலிருந்து குழாயில் வந்துகொண்டிருந்தது. விலை கொடுத்துத்தான் வாங்கினார்கள். 1964 பிப்ரவரியில் ஃப்ளோரிடா கடற்பரப்பில் கியூப மீனவர்களை அமெரிக்கா கைது செய்தது. பதிலடியாக, பிப்ரவரி 6 அன்று காஸ்ட்ரோ குழாயை மூடினார்.

அன்று முதல் தளத்தில் நம் கோடைக்காலம். குழாயில் நாளைக்குச் சில மணி நேரம் மட்டும் தண்ணீர். குளியல், துணி துவைத்தல் எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. நமக்கு லாரி வருகிறது, அவர்களுக்குக் கப்பல் வந்தது. அமெரிக்கா திருட்டுத்தனமாகத் தண்ணீர் எடுக்கிறது என்று கியூபா குற்றம் சாட்டியபோது, தளத் தலைவர் அட்மிரல் பல்க்லி பத்திரிகையாளர்களை அழைத்து, குழாயையே அறுத்துக் காட்டினார். உள்ளே தண்ணீர் இல்லை. கலிபோர்னியாவின் சான் டியகோவில் இருந்த ஒரு கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தைக் கழற்றிக் கப்பலில் கொண்டுவந்து பொருத்தினார்கள். அந்த ஆண்டே அது தண்ணீர் கொடுக்கத் தொடங்கியது. அதன் பிறகு தளம் தண்ணீருக்கு யாரையும் எதிர்பார்க்கவில்லை.

வாசலைக் கடந்தவர்கள்

தண்ணீர்ச் சண்டையில் உண்மையில் அடிபட்டவர்கள் வேறு. ஆயிரக்கணக்கான கியூபத் தொழிலாளர்கள் தினமும் வெளியிலிருந்து வந்து வேலை செய்தார்கள். சமையல், தச்சு, இயந்திரம், அலுவலகம் எல்லாம் அவர்கள்தான். 1964-இல் பெரும்பாலோரை அமெரிக்கா வேலையிலிருந்து நீக்கியது. சிலருக்கு ஒரு தேர்வு வைத்தது: வேண்டுமானால் தளத்துக்குள்ளேயே குடியேறலாம். பல நூறு பேர் அப்படித் தங்கினார்கள். சொந்த ஊர் வேலிக்கு அந்தப் பக்கம், சில மைல் தூரம்தான். ஆனால் உள்ளே தங்கியவருக்கு அது வெளிநாடாகிவிட்டது. அவர்களில் சிலர் கடைசிவரை அங்கேயே முதுமை அடைந்தார்கள். இடையில் கியூபா நட்ட கள்ளிச்செடி வேலி. இந்தப் பக்கம் அமெரிக்கா புதைத்த கண்ணிவெடிகள். அவற்றை 1996-க்குப் பிறகுதான் அகற்றத் தொடங்கினார்கள்.

இன்னும் சில நூறு பேரை மட்டும் வெளியிலிருந்து வந்து போக அனுமதித்தார்கள். புதிதாக யாரையும் சேர்க்கவில்லை. ஆகவே ஆண்டுதோறும் வரிசை குறைந்தது. கடைசியில் எண்பதை ஒட்டிய வயதில் இரண்டே பேர். அவர்கள் இருவரும் மாதந்தோறும் இன்னொரு வேலையும் செய்தார்கள். ஓய்வுபெற்ற பழைய சகாக்களின் ஓய்வூதியத்தை ரொக்கமாக வாங்கிக்கொண்டு வாசலைக் கடந்து போய், அவரவரிடம் ஒப்படைத்தார்கள். இரு நாடுகளுக்கிடையே வங்கி வழியாகப் பணம் அனுப்ப வழியில்லை. வங்கி செய்ய முடியாததை இரண்டு கிழவர்கள் செய்தார்கள். 2012 டிசம்பர் இறுதியில் அவர்களும் ஓய்வுபெற்றார்கள்.

பகை நாடுகள் இரண்டும் அந்தப் பணத்தை வாசலில் தடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 4,085 டாலர் வாடகையை வாங்க மறுத்த அரசு, உழைத்தவனின் ஓய்வூதியத்தை உள்ளே வரவிட்டது.

பிறகு வந்தது

1990-களில் ஹைட்டியிலிருந்தும் கியூபாவிலிருந்தும் கடல்வழி வந்த அகதிகள் பல்லாயிரம் பேர் இங்கே கூடாரங்களில் வைக்கப்பட்டார்கள். 2002 ஜனவரி 11-இல் முதல் 20 கைதிகள் வந்தார்கள். இறையாண்மை கியூபாவுடையது, ஆகவே அமெரிக்க நீதிமன்றத்துக்கு இங்கே வேலையில்லை என்று அரசு வாதிட்டது. 1903 ஒப்பந்தத்தின் அதே வரிதான்! அதிகாரமும் கட்டுப்பாடும் உங்களுடையதாக இருக்கும்போது நீதிமன்றமும் உண்டு என்று 2004-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள் என்று நாங்கள் வாடிக்கையாளர்களிடம் சொல்வது சும்மா இல்லை.

நம் வளாகத்திலும் ஒரு வாசல் இருக்கிறது. காலை ஆறரை மணிக்கு அங்கே நின்று பாருங்கள். வீட்டு வேலைக்கும் தோட்ட வேலைக்கும் வருபவர்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே வருகிறார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக வருபவர்களும் அவர்களில் உண்டு. வயதாகி அவர்கள் வருவது நின்றுபோனால் நாம் என்ன செய்யப்போகிறோம் என்பதை அடுத்த பொதுக்குழுவில் பேசலாம் என்பது என் யோசனை.

கப்பலிலோ துறைமுகத்திலோ வெளிநாட்டுத் தளங்களிலோ பணிபுரிந்தவர்கள் நம் குடியிருப்பில் இருந்தால் உங்கள் அனுபவத்தை அடுத்த இதழுக்கு அவசியம் எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.