பற்றுவாய்ப் புஷ்

சக்கிமுக்கித் துப்பாக்கிக் குழலின் அடியில் கிடக்கும் மருந்துக்கு வெளிக் கிண்ணத்திலிருந்து தீயைக் கொண்டுசெல்லும் சிறு துளை பற்றுவாய். அந்தத் துளை தேயாமல் இருக்கவும், தீ தாமதமின்றி உள்ளே பாயவும், குழலின் பக்கச் சுவரில் மரை வெட்டித் திருகப்படும் வேற்று உலோகத் துண்டு பற்றுவாய்ப் புஷ் எனப்படும். லைனர் என்பதும் இதுவே. தேய்ந்த துப்பாக்கிக்கு ஒட்டுவேலையாக வந்தது, பிறகு செல்வந்தர்களின் அலங்காரமானது, இன்று சுடும் வேகத்துக்கான நுட்பமாக நிற்கிறது.

சக்கிமுக்கி விசையமைப்பின் முழு வடிவம் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் உருவானது. அதைச் செய்தவர் நார்மண்டியின் லிசியூ ஊரைச் சேர்ந்த மரான் லெ பூர்ஷுவா என்று பொதுவாகக் கருதுகிறார்கள். விசையை இழுத்தால் கல் எஃகுத் தகட்டில் உரசும். பொறி கிண்ணத்து மருந்தில் விழும். அங்கு எழும் சுடர் பற்றுவாய் வழியே உள்ளே போகும். குழலுக்குள் மருந்து வெடித்ததும் அதே துளை வழியாகக் கொதிக்கும் வாயு வெளியே பீறிடும். தேனிரும்புக் குழலால் இதை நெடுநாள் தாங்க முடியாது. முக்கால் பங்கு வெடியுப்பால் ஆன கருமருந்தின் கசடு ஈரத்தை இழுத்துத் துருவையும் வரவழைக்கும். துளை அகலும்.

அகன்ற துளையால் குண்டின் வேகம் குறையும். குழலில் மருந்தை இடிக்கும்போதே அதில் கொஞ்சம் துளை வழியாகக் கிண்ணத்துக்கு வழிந்துவிடும். கிண்ணத்தை நிரப்பும் வேலை மிச்சம் என்று சில சிப்பாய்கள் மகிழ்ந்திருக்கலாம்; ஆனால் அணிவகுப்பில் வலப்பக்கம் தோளொட்டி நின்றவன் முகத்தில்தான் அந்தத் தீ அடிக்கும். படைக் கொல்லர்கள் இத்தகைய குழல்களின் துளையைப் பெரிதாகக் குடைந்து, மரை வெட்டி, புதுத் துண்டைத் திருகி, அதில் மறுபடி சிறு துளை போட்டார்கள். பீரங்கியிலும் இதே சிகிச்சைதான். வெண்கலப் பீரங்கியின் துளையோரத்தில் வெப்பம் பட்டுத் தகரம் உருகிப்போகும் என்பதால், அங்கே செம்புப் புஷ் வைப்பது வழக்கமானது.

சாதாரணப் படைத் துப்பாக்கிகளுக்குப் புதிதாகச் செய்யும்போதே புஷ் வைக்க எவரும் செலவழிக்கவில்லை. முதலில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் செய்யப்பட்டு, 1790களில் பிரிட்டிஷ் தரைப்படையும் எடுத்துக்கொண்ட ‘இந்தியா பேட்டர்ன்’ மஸ்கட்டில் இருந்தது வெறும் இரும்புத் துளை. பென்சில்வேனியாவின் நீண்ட ரைஃபிள்களிலும் பெரும்பாலும் அப்படியே.

காசு புழங்கிய இடம் லண்டன். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேட்டைத் துப்பாக்கிகளுக்கும் சண்டைக் கைத்துப்பாக்கிகளுக்கும் அங்கே தங்கப் புஷ் வந்தது. தங்கம் துருவேறாது, கந்தகத்துக்கும் அசையாது. ஆனால் மென்மையான உலோகம். 1064 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். மணிக்கணக்கில் சுடுபவருக்கு அது பெரிதாக உழைக்காது. தங்கப் புஷ்ஷில் பாதி பயன், பாதி பகட்டு என்றே சொல்ல வேண்டும்.

சரியான உலோகம் பிளாட்டினம். உருகுநிலை 1768 டிகிரி. அதனாலேயே அக்காலத்து உலைகளால் அதை உருக்கி வார்க்க முடியவில்லை. இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஆங்கில வேதியியலாளர் வில்லியம் ஹைட் வொல்லஸ்டன். தென் அமெரிக்காவின் நியூ கிரனடாவிலிருந்து வந்த தாதுவை இராஜதிராவகத்தில் கரைத்து, நவச்சாரத்தால் படியவைத்து, சூடாக்கிக் கிடைத்த பொடியை ஈரத்தோடு அழுத்தி, காய்ச்சி அடித்துத் தகடாக்கினார். இந்த வேலையினூடே பலேடியம், ரோடியம் என்ற இரு தனிமங்களும் அவருக்குக் கிடைத்தன. 1805 முதல் அவர் விற்ற பிளாட்டினத்தை வாங்கியவர்களில் துப்பாக்கிக் கொல்லர்கள் முக்கியமானவர்கள். செய்முறையை 1828 வரை அவர் வெளியே சொல்லவில்லை.

இதே காலத்தில் இன்னொரு புரிதலும் வளர்ந்தது: துளையின் பொருளைவிட அதன் வடிவம் பெரிது. தடித்த சுவரில் நேராகப் போட்ட துளை ஒரு நீண்ட குழாய்; அதற்குள் மருந்து அடைந்துகொண்டால் பட்டாசுத் திரியைப்போல ஓரத்திலிருந்து எரிந்து வர வேண்டியிருக்கும். கல் விழுந்த ஓசைக்கும் வெடிக்கும் நடுவே காதுக்குத் தெரியும் இடைவெளி அதுதான். லண்டன் துப்பாக்கிக் கொல்லர் ஹென்றி நொக் 1787இல் காப்புரிமை பெற்ற குழலடி, தீ முதலில் ஒரு சிற்றறைக்குள் பாய்ந்து அங்கிருந்து முதன்மை மருந்தின் நடுவைத் தாக்கும்படி அமைந்தது. இன்றைய புஷ்கள் எளிய வழியில் போகின்றன: உட்பக்கம் கூம்பாகக் குடையப்பட்டு, வெளிமுகத்தில் மெல்லிய சுவர் மட்டுமே மிஞ்சும். மருந்து கிண்ணத்துக்கு அருகிலேயே வந்து நிற்கும்.

பொருத்தும் வேலையில் அவசரம் கூடாது. குழலின் பின்முனையை அடைக்கும் குழலடித் திருகு எவ்வளவு உள்ளே வருகிறது என்று முதலில் அளக்க வேண்டும். புஷ் அதன் மரையில் வெட்டிக்கொள்ளாமல் அதற்கு முன்னால் இருக்க வேண்டும். விசையமைப்பை மாட்டிப் பார்த்து, கிண்ணத்தின் நடுவுக்கு நேராக, அதன் மேல்விளிம்பை ஒட்டிய உயரத்தில் சென்டர் பஞ்ச் வைப்பார்கள். சிறு டிரில் முதலில், பெரியது பிறகு. புஷ்களில் பரவலான அளவு கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 மரை. டேப்பைக் கொஞ்சம் முன்னும் கொஞ்சம் பின்னுமாகத் திருப்பி, துகளை உடைத்து உடைத்து மரை வெட்ட வேண்டும். புஷ்ஷை இறுக்கியபின் வெளியே துருத்தும் திருப்புளிக் காடியை அரத்தால் குழலின் முகத்தோடு சமமாக அராவிவிடுவார்கள். நல்ல வேலையென்றால் இணைப்புக் கோடு கண்ணில் படாது. உள்முனை குழலுக்குள் நீட்டினால் துடைப்புக் கம்பி சிக்கும். மரை போதாமல் விட்டால் வெடிப்பின் அழுத்தத்தில் புஷ்ஷே பக்கவாட்டில் பறக்கும், பக்கத்தில் நிற்பவருக்கு அது ஆபத்து. துளையின் அளவு பெரும்பாலும் 1.6 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும்.

ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் 1807இல் காப்புரிமை பெற்ற மோதல் வெடிமுறை, பின்னர் செம்புத் தொப்பியாக உருமாறி, 1840களுக்குள் ஐரோப்பியப் படைகளிலிருந்து சக்கிமுக்கியைப் பெரும்பாலும் விரட்டிவிட்டது. பிளாட்டினம் மட்டும் உடனே வேலையிழக்கவில்லை. ஆங்கிலத் தொப்பித் துப்பாக்கிகளின் குழலடியில் மிகையழுத்தத்தை வெளிவிடும் சிறு அடைப்பாக அது தொடர்ந்தது.

20ஆம் நூற்றாண்டில் பழைய முறையில் சுடுவது அமெரிக்காவில் விளையாட்டாகத் திரும்பியது. 1933இல் தொடங்கிய தேசிய வாய்வழி மருந்திடும் துப்பாக்கிச் சங்கத்தின் போட்டிகள் இந்தியானா மாநிலத்து ஃபிரெண்ட்ஷிப் சிற்றூரில் நடக்கின்றன. புதிதாகச் செய்யப்படும் ரைஃபிள்களில் துருப்பிடிக்காத எஃகுப் புஷ் இன்று சாதாரணம். வெண்கலக் கலவைகளும் உண்டு. 18ஆம் நூற்றாண்டுத் தோற்றத்தை அப்படியே காப்பவர்களுக்கு அந்த வெள்ளை வட்டம் பிடிப்பதில்லை. அவர்கள் வெளிமுகத்தைக் கருக்கி மறைக்கிறார்கள், அல்லது புஷ்ஷே இல்லாமல் குழலின் உள்ளிருந்து சுவரைக் கூம்பாகக் குடைகிறார்கள். அசல் பழந்துப்பாக்கி என்றால் கதை வேறு: அதன் துளையில் புதுப் புஷ் ஏற்றுவது சேகரிப்பாளர் பார்வையில் அதன் மதிப்பைக் குறைக்கும், ஆனால் படைக் கொல்லர் அன்றைக்கே போட்ட ஒட்டுப் புஷ், அந்தத் துப்பாக்கி உண்மையில் எவ்வளவு சுட்டது என்பதற்குச் சான்றாக ஏற்கப்படுகிறது.