பானையும் பதவியும்

பாபு ஜெகஜீவன்ராம் அவர்களின் வாழ்க்கையை எண்ணுந்தோறும் இரண்டு நிகழ்ச்சிகள் நம் கண்முன் நிற்கின்றன.

முதலாவது, பீகாரிலுள்ள ஆரா நகரத்துப் பள்ளியில் நிகழ்ந்தது. அங்கே இந்து மாணவர்க்கு ஒன்றும் முஸ்லிம் மாணவர்க்கு ஒன்றுமாகத் தண்ணீர்ப் பானைகள் இருந்தன. இந்துக்களின் பானையில் ஜெகஜீவன்ராம் நீர் அருந்தவே, உயர்சாதி மாணவர்கள் முறையிட்டனர். தாழ்த்தப்பட்டோர்க்கென மூன்றாவது பானை வைக்கப்பட்டது. அவர் அதனை உடைத்தார். மீண்டும் வைத்தனர், மீண்டும் உடைத்தார். இறுதியில் தனிப்பானையே வேண்டாமெனத் தலைமையாசிரியர் முடிவு செய்தார்.

சந்த்வா என்னும் சிற்றூரில் 1908 ஏப்ரல் 5-ஆம் நாள் பிறந்த அவர், சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். தாயார் வாசந்திதேவியார் வறுமைக்கிடையிலும் மகனைக் கற்பித்தார். காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் தீண்டாமை அவரைத் தொடர்ந்தது. எனினும் கல்வியை அவர் கைவிட்டாரில்லை. 1931-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் அறிவியற் பட்டம் பெற்றார்.

1946-இல் நேருவின் இடைக்கால அரசில் தொழிலாளர் அமைச்சரானபோது அவருக்கு வயது 38. அவர் அத்துறையை நடத்திய காலத்தில், 1948-இல், குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நிறைவேறியது. நம் மக்களுட் பெரும்பாலோர் செய்துவந்த வேளாண் கூலி வேலையையும் அச்சட்டம் உள்ளடக்கியது. பின்னர் இரயில்வே, உணவு, வேளாண்மை ஆகிய துறைகளையும் ஏற்றார். 1971-இல் வங்கதேசப் போர் நடந்தபோது பாதுகாப்பு அமைச்சர் அவரே. 1975-இல் நெருக்கடிநிலைக்கு ஒப்புதல் கோரும் தீர்மானத்தை நாடாளுமன்றத்தில் முன்மொழிந்தவரும் அவரே. இதனை நாம் மறைக்க வேண்டுவதில்லை. 1977 பிப்ரவரியில் பதவியைத் துறந்து, புதுக்கட்சி கண்டு, அவ்வாட்சி வீழத் துணைநின்றவரும் அவரே.

இரண்டாவது நிகழ்ச்சி 1978-இல் காசியில் நிகழ்ந்தது. உத்தரப்பிரதேச முன்னாள் முதலமைச்சர் சம்பூர்ணானந்தின் சிலையை அவர் திறந்துவைத்தார். அவர் தொட்டதால் தீட்டுப்பட்டதென்று சாதிவெறியர் சிலர் அச்சிலையைக் கங்கை நீரால் கழுவினர். அன்று அவர் நாட்டின் முப்படைகளுக்கும் பொறுப்பான அமைச்சர்! பானைக்கும் சிலைக்குமிடையே அரை நூற்றாண்டு கடந்திருந்தும் தீட்டு மட்டும் கடந்துபோகவில்லை.

1979-இல் துணைப் பிரதமரானார். 1952 முதல் மக்களவையில் இடையறாது வீற்றிருந்தவர், 1986 ஜூலை 6-ஆம் நாள் மறைந்தார்.

அப்படியாயின் பதவியால் பயனில்லையோ? பயனுண்டு. பதவியால் சட்டம் வந்தது. கூலியும் உயர வழி பிறந்தது. ஆனால் பிறர் மனத்திலுள்ள தீட்டைப் பதவியால் மட்டும் கழுவ இயலாது. ஆராவில் தனிப்பானை ஒழிந்ததற்குக் காரணங்கள் இரண்டு: இழிவை ஏற்க மறுத்த மாணவர் ஒருவர் இருந்தார், அவர் பக்கம் நியாயத்தைக் கண்ட தலைமையாசிரியரும் இருந்தார். அத்தகைய மாணவரையும் ஆசிரியரையும் உருவாக்குவதே கல்விச் சங்கங்களின் பணியென்று நாம் கருதுகிறோம். நம் பிள்ளைகள் பயிலும் பள்ளிகளில் மூன்றாவது பானை வேறெந்த வடிவிலேனும் எஞ்சியிருக்கின்றதா? அதனை நேரிற் சென்று காண்பது நம் ஒவ்வொருவரின் கடமையாகும்.