மாருசியின் தண்ணீர்க்காரர்

ஏதென்ஸ் மாநகரத்தின் வடகிழக்கே, பெந்தெலி மலைச்சாரலை அடுத்து, மாருசி என்றோர் ஊர் இருக்கிறது. இன்று அது தலைநகரத்தோடு ஒட்டிக்கொண்ட ஒரு புறநகர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலோ குடியானவர்கள் வாழ்ந்த சாதாரணக் கிராமம். அந்தக் கிராமத்துக்கு இருந்த கீர்த்தியெல்லாம் அதன் ஊற்று நீரால் வந்தது. 1834-இல் கிரேக்க ராஜ்யத்தின் தலைநகரான ஏதென்ஸ், ரோமச் சக்கரவர்த்தி ஹேட்ரியன் காலத்துப் பழைய கால்வாயைப் பழுது பார்த்து அதையே பெரும்பாலும் நம்பிக்கொண்டிருந்தமையால், ஜனத்தொகை பெருகப் பெருகத் தண்ணீர்ப் பஞ்சத்தால் தவித்தது. நல்ல குடிநீரை மக்கள் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. மாருசி வாசிகள் ஊற்று நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, கழுதை மேல் ஏற்றி, பத்துக் கிலோமீட்டருக்கும் அதிகமான பாதையைக் கால்நடையாகவே கடந்து, நகரத்தில் விற்றுவிட்டுத் திரும்புவார்கள். 1873-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் தேதி பிறந்த ஸ்பிரிதோன் லூயிஸின் தந்தை செய்த தொழிலும் இதுவே. பிள்ளையும் தந்தைக்கு உதவியாக அந்தப் பாதையில் நடந்தும் ஓடியும் வளர்ந்தான்.

மாராத்தான் போர்க்களத்திலிருந்து வெற்றிச் செய்தியைச் சுமந்து ஏதென்ஸுக்கு ஓடி வந்து உயிர்விட்ட தூதனின் கதை புராதனமானது. அதை ஓர் ஓட்டப் பந்தயமாக்கலாம் என்ற யோசனையோ பிரெஞ்சுப் பண்டிதர் மிஷெல் பிரெயாலுடையது. 1896-இல் நடக்கவிருந்த முதல் நவீன ஒலிம்பிக் விழாவில் அப்பந்தயத்தை வைத்தால் வெல்பவனுக்குத் தாமே ஒரு வெள்ளிக் கிண்ணம் தருவதாக அவர் வாக்களித்தார். கிரேக்கர்கள் தங்கள் வீரர்களைத் தெரிந்தெடுக்க நடத்திய சோதனை ஓட்டத்தில் லூயிஸுக்குக் கிடைத்தது ஐந்தாமிடம்தான். ராணுவச் சேவையில் அவருக்கு மேலதிகாரியாக இருந்த மேஜர் பாபதியாமந்தோபுலோஸே ஒலிம்பிக் பந்தயத்தைத் தொடங்கி வைக்கும் பொறுப்பையும் ஏற்றிருந்தார். இந்தத் தண்ணீர்க்காரரின் கால்வலுவை அறிந்து அவரைப் பந்தயத்துக்குத் தூண்டியவரும் அவரே என்பார்கள்.

ஏப்ரல் 10-ஆம் தேதி, கிரேக்கர்கள் அன்று கைக்கொண்டிருந்த பழைய பஞ்சாங்கப்படி மார்ச் 29-ஆம் தேதி, மாராத்தானிலிருந்து ஓட்டம் தொடங்கியது. தூரம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். முன்னணியில் பாய்ந்து சென்ற மூவரும் அயல்நாட்டார்: பிரான்ஸின் லெர்முசியோ, ஆஸ்திரேலியாவின் பிளாக், அமெரிக்காவின் பிளேக். அதே விழாவின் 1500 மீட்டர் ஓட்டத்தில் முதல் மூன்று இடங்களைப் பெற்றவர்கள் இவர்களே என்பதை நினைவில் வைத்தால் அன்று நிகழ்ந்தது முழுவதும் விளங்கும். குறுகிய தூரத்தின் வேகத்தை அவர்கள் நெடுவழிக்குக் கொண்டுவந்தார்கள். நெடுவழியோ வேறு ஞானத்தைக் கேட்டது. பிளேக் பாதி வழி தாண்டியதும் விலகினார். லெர்முசியோ 32-ஆவது கிலோமீட்டரில் கைவிட்டார். லூயிஸ் பிக்கெர்மி கிராமத்தில் நின்று, கொடுத்த திராட்சை மதுவைக் குடித்து, முன்னால் போனவர்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு, அவர்களையெல்லாம் பிடித்துவிடலாம் என்று சொல்லி ஓடினாராம். சுமையோடு செல்லும் கழுதையின் பக்கத்திலே வருஷக்கணக்காக நடந்தவருக்கு, எந்த இடத்தில் மூச்சைச் சேமிக்க வேண்டும், எங்கே செலவழிக்க வேண்டும் என்பதை எந்த ஆசிரியரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை என்றே நான் கருதுகிறேன்.

ஸ்டேடியத்தில், ஜார்ஜ் அவெரோப் என்ற தனவந்தரின் பொருளால் பெந்தெலிச் சலவைக்கல் பதித்துப் புதுப்பித்த அந்தப் பிரம்மாண்டமான வெண்மண்டபத்தில், ஜனங்கள் வாடிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். பிளாக் முந்துகிறார் என்று சைக்கிளில் வந்தவன் சொல்லியிருந்தான். ஆனால் லூயிஸ் அதற்குள் பிளாக்கை எட்டிப் பிடித்திருந்தார்; கடைசிச் சில கிலோமீட்டர்களில் பிளாக் சோர்ந்து வீழ்ந்தார். குதிரையில் விரைந்து வந்த மேஜர், முன்னால் வருபவன் கிரேக்கன் என்று மன்னர் முதலாம் ஜார்ஜிடம் தெரிவிக்க, அரங்கம் முழுதும் ஆரவாரித்து எழுந்தது. புழுதி படிந்த தேகத்தோடு உள்ளே நுழைந்த லூயிஸின் இருபுறமும் இளவரசர்கள் கான்ஸ்டன்டைனும் ஜார்ஜும் இறங்கி ஓடினார்கள். 2 மணி 58 நிமிஷம் 50 விநாடி! அடுத்து வந்த வாஸிலாகோஸ் ஏழு நிமிஷத்துக்கு மேல் பின்தங்கியே வந்து சேர்ந்தார்.

பின்னர் வந்து குவிந்த பரிசுகளைப் பற்றி எத்தனையோ கதைகள் உண்டு. அவற்றில் பல மிகையானவை. மன்னர் என்ன வேண்டும் என்று கேட்டபோது, தண்ணீர் கொண்டுசெல்லக் கழுதை பூட்டிய ஒரு வண்டி போதும் என்றாராம் லூயிஸ். இக்கதையை நம்பவே என் மனம் விரும்புகிறது. ஏனெனில் அவர் பிறகு எந்தப் போட்டியிலும் ஓடவில்லை, ஊருக்குத் திரும்பிக் குடியானவராகவும் பிற்காலத்தில் உள்ளூர்ப் போலீஸ்காரராகவும் வாழ்ந்தார். 1926-இல் ராணுவப் பத்திரங்களைத் திருத்தியதாகக் குற்றம் சாட்டப்பெற்று, ஓராண்டுக்கு மேல் சிறையிலிருந்து, இறுதியில் நிரபராதி என்று விடுதலையானார். தேசம் கொண்டாடிய மனிதர் அவ்வளவு காலம் சிறையில் வாட நேர்ந்தது வேதனைக்குரியது.

அதே 1926-இல்தான் மாராத்தானில் ஓர் அணைக்கட்டு எழும்பத் தொடங்கியது. ஆசியா மைனரிலிருந்து வந்த அகதிகளால் ஏதென்ஸ் பல்கிப் பெருகிவிட்டபடியால், பழைய கால்வாயும் கழுதைச் சுமையும் போதாமற்போயின. பெந்தெலிச் சலவைக்கல்லையே முகப்பில் பதித்து 1929-இல் கட்டி முடித்த அந்த அணையின் நீர் நகரத்துக்கு வந்தபின், தண்ணீர்க்காரர்களின் தொழில் மெல்லத் தேய்ந்தது.

1936-இல் பெர்லின் விழாவுக்குத் தேசிய உடையில் அழைத்துச் செல்லப்பெற்ற லூயிஸ், ஒலிம்பியாவின் ஒலிவக் கிளையை ஹிட்லரிடம் அளித்தார். 1940 மார்ச் 26-இல் மாருசியிலேயே காலமானதால், பெர்லின் விழா முடிந்த ஐந்தாண்டுக்குள் ஜெர்மானியச் சேனை ஏதென்ஸுக்குள் புகுந்ததைக் காணும் துர்ப்பாக்கியம் அவருக்கு இல்லை. பிரெயாலின் கிண்ணத்தை அவர் பேரர் 2012-இல் லண்டனில் ஏலத்துக்கு விட, 5,41,250 பவுனுக்கு வாங்கிய கிரேக்க அறக்கட்டளை அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. மாருசியில் எழுந்த பெரிய ஒலிம்பிக் ஸ்டேடியமும் அவர் பெயரையே தாங்குகிறது. இவையெல்லாம் ஓட்டக்காரருக்குச் செய்த மரியாதைகள்; அவரை உருவாக்கிய தண்ணீர்த் தொழிலுக்கும் மாராத்தான் ஓட்டத்தின் சரித்திரத்தை எழுதுவோர் ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டும்.