அமெரிக்கத் தொழிலகங்களிற் போதைப்பொருட் பரிசோதனை: ஒரு வரலாற்று நோக்கு

தொழிலாளி குடித்திருக்கிறானா என முதலாளி ஐயுறுவது புதியதன்று. அமெரிக்கப் புகையிரதக் கம்பனிகளின் விதிக்கோவையில் ‘ஜீ விதி’ எனப் பெயர் பெற்ற விதியொன்று 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலிருந்தே காணப்பட்டது. கடமை வேளையில் மதுவருந்துவதை அது தடைசெய்தது. அதனை நிறைவேற்ற மேற்பார்வையாளனிடம் இருந்த கருவிகள் அவனுடைய கண்ணும் மூக்குமே. நடை தளர்ந்ததா, நாக் குழறியதா, மூச்சில் மணம் வீசியதா என்று அவன் பார்த்தான். சக தொழிலாளியைக் காட்டிக்கொடுக்க எவரும் விரும்பாமையால் அம்முறை பெரிதும் பயன்தரவில்லை என்பது உண்மையே. எனினும், கடமைக்கு வந்து நின்ற மனிதனின் அப்போதைய நிலையையே அது நோக்கியது.

1914இல் நாளொன்றுக்கு ஐந்து டொலர் ஊதியம் அறிவித்த ஹென்றி போட் இந்நோக்கை விரிவாக்கினார். அவ்வூதியத்துக்குத் தகுதியுடையோரைத் தெரிவதற்கென அவரது கம்பனியின் சமூகவியற் பகுதி, தொழிலாளரின் இல்லங்களுக்கு அலுவலரை அனுப்பிக் குடிப்பழக்கம், சேமிப்பு, வீட்டின் துப்புரவு ஆகியவற்றை விசாரித்தது. வேலைத்தலத்துக்கு வெளியேயுள்ள வாழ்க்கையும் முதலாளியின் ஆராய்வுக்குரியதென்ற எண்ணம் இங்கே தெளிவாகத் தோன்றுகிறது.

ஆய்வுகூடம் இவ்வரலாற்றினுட் புகுந்தது இராணுவத்தின் வழியாகவாகும். வியட்னாமில் இருந்த போர்வீரரிடையே ஹெரோயின் பரவியபோது, 1971இல் சனாதிபதி நிக்சனின் அரசாங்கம் நாடு திரும்பும் வீரர் யாவரும் சிறுநீர்ப் பரிசோதனைக்கு உட்படவேண்டுமென விதித்தது. அதே காலப்பகுதியில், நொதியத் தாக்கத்தைப் பயன்படுத்தும் மலிவான பரிசோதனை முறையும் சந்தைக்கு வந்தது. 1981 மே 26இல் ‘நிமிற்ஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் விமானமொன்று மோதி 14 பேர் இறந்தனர். இறந்த தளப் பணியாளர் சிலரின் உடலிற் கஞ்சாவின் தடயம் காணப்பட்டமை பெருஞ் செய்தியாயிற்று. கடற்படையும் கடும் பரிசோதனையை மேற்கொண்டது. விமானத்தைச் செலுத்தியவரின் உடலில் இருந்ததோ தடிமலுக்கு உட்கொள்ளும் மருந்து. இதனை நினைவிற் கொண்டவர் சிலரே.

1986 செப்தெம்பர் 15இல் சனாதிபதி றேகன் பிறப்பித்த 12564ஆம் இலக்கக் கட்டளை இம்முறையைக் குடியியல் அரசாங்க சேவைக்குக் கொணர்ந்தது. அக்கட்டளையில் ஒரு வேறுபாடு கூர்ந்து நோக்கத்தக்கது. சேவையில் இருப்போருள் முக்கிய பொறுப்புக்களை வகிப்போர்க்கே அது பரிசோதனையை விதித்தது. வேலைக்கு விண்ணப்பிப்போரையோ எவராயினும் பரிசோதிக்கலாம் என அனுமதித்தது.

நான்கு மாதங்களுக்குள், 1987 சனவரி 4இல், மேரிலாந்து மாநிலத்திலுள்ள சேஸ் என்னுமிடத்தில், நிறுத்தற் சமிக்ஞையைக் கடந்து வந்த எஞ்சின்களுடன் பயணிகள் புகையிரதம் மோதி 16 பேர் மாண்டனர். எஞ்சின் சாரதியும் அவருடைய உதவியாளரும் கஞ்சா புகைத்திருந்தனர். பரிசோதனையை எதிர்ப்போர் இவ்விபத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆயினும், எச்சரிக்கை ஊதல் ஒலிக்காதவாறு ஒட்டுநாடாவால் அடைக்கப்பட்டிருந்தமையும், புகையிரதத்தைத் தானே நிறுத்தும் பொறி அவ்வெஞ்சின்களில் இல்லாமையும் அதே விசாரணையில் வெளிவந்தன. இவற்றை அறியச் சிறுநீர் தேவைப்படவில்லை.

பரிசோதனை உண்மையில் எதனை அளக்கிறது? 1988இல் வெளியான சமஷ்டி அரசின் விதிகள் கஞ்சா, கொக்கெயின், அபின் வகை, அம்பெட்டமைன், பென்சைக்ளிடின் ஆகிய ஐந்தையும் குறித்தன. மது அவற்றுள் இல்லை. சிறுநீரிற் காணப்படுவது பெரும்பாலும் போதைப்பொருள் உடலிற் சிதைந்தபின் எஞ்சும் கழிபொருளேயாகும். கஞ்சாவின் எச்சம் நாட்கணக்காக, சிலரிடம் வாரக்கணக்காகத் தங்கும். மதுவோ சில மணி நேரத்தில் நீங்கிவிடும். ஆகவே சனிக்கிழமை கஞ்சா புகைத்தவன் திங்கட்கிழமை அகப்படுவான். சனிக்கிழமை வெறிகொள்ளக் குடித்தவன் தப்பிவிடுவான். நம் சமையலறையிலுள்ள கசகசாவை உண்டவரும் அபின் உண்டவராகத் தோன்றிய காரணத்தால், மில்லிலீற்றருக்கு 300 நனோகிராமாக இருந்த எல்லையை 1998இல் 2000 ஆக உயர்த்தவேண்டியதாயிற்று.

1989 மார்ச் 21இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் இரு தீர்ப்புக்களை வழங்கியது. விபத்தின் பின் புகையிரதத் தொழிலாளரைப் பரிசோதிப்பதை எழுவர் ஏற்றனர், இருவர் மறுத்தனர். சுங்கப் பகுதியினரைப் பற்றிய வழக்கில் ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமும் நின்றனர். முன்னைய வழக்கிற் பரிசோதனையை ஏற்ற நீதியரசர் ஸ்காலியா பின்னையதில் மறுத்தமை குறிப்பிடத்தக்கது. சுங்கப் பகுதியிற் பரிசோதிக்கப்பட்ட 3,600 பேருள் ஐவரிடமே போதைப்பொருள் காணப்பட்டது. தீங்கு நிகழ்ந்ததற்குச் சான்றில்லாதவிடத்து, அரசு தன் உறுதியை உலகுக்குக் காட்டும் அடையாளமாக ஊழியரின் மானம் பலியிடப்படுகிறது என்பது அவர் கருத்து. அவர் பழைமைவாதி எனப் பெயர் பெற்றவர் என்பதையும் மறத்தலாகாது.

நியாயமற்ற சோதனையைத் தடுக்கும் யாப்பின் நான்காந் திருத்தம் அரசாங்கத்தையே கட்டுப்படுத்தும்; தனியார் கம்பனியைக் கட்டுப்படுத்தாது. அங்கே தொழிலாளிக்கு எஞ்சிய முக்கிய காவல் தொழிற்சங்கமே. 1989 யூனில் தேசியத் தொழிலுறவுச் சபை, சேவையில் உள்ளோரைப் பரிசோதிப்பது குறித்துத் தொழிற்சங்கத்துடன் முதலாளி பேரம் பேசவேண்டும் எனத் தீர்த்தது. விண்ணப்பதாரர் இன்னும் ஊழியரல்லர். ஆதலால் அவர்களைப் பரிசோதிப்பது குறித்துப் பேசவேண்டியதில்லை என்றும் அச்சபையே தீர்த்தது. 1997இல் கலிபோர்ணியா மாநில உயர் நீதிமன்றமும் கிளென்டேல் நகரசபை வழக்கில் இவ்வழியே சென்றது: பதவி உயர்வு வேண்டும் ஊழியர் யாவரையும் பரிசோதிப்பது தவறு, புதிதாய் வருவோர் யாவரையும் பரிசோதிக்கலாம். பழைய ஊழியனின் வேலையை முதலாளி கண்டிருக்கிறார், புதியவனின் வேலையைக் கண்டதில்லை என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம். தருக்கத்தில் இது பொருந்தலாம். நடைமுறையிலோ, சங்கமும் ஊதியமும் அற்று, மறுத்தால் வேலையே இல்லை என்ற நிலையில் நிற்பவனிடமே போத்தல் முதலில் நீட்டப்பட்டது. சட்டம் இதனைச் சம்மதம் எனக் கொண்டது.

1991 ஓகஸ்டில் நியூ யோர்க்கின் நிலக்கீழ்ப் புகையிரதமொன்று தடம்புரண்டு ஐவர் இறந்தனர், சாரதி குடித்திருந்தார். அவ்வாண்டு ஒக்தோபரில் நிறைவேறிய சட்டம் விமானம், புகையிரதம், பாரவூர்தி முதலான போக்குவரத்துத் துறைகளுக்கு மதுப் பரிசோதனையை விரித்தது. ஜீ விதி முதன்முதலில் அஞ்சிய பொருள் இவ்வாறு காலந்தாழ்த்தியே முழு இடம் பெற்றது.

விண்ணப்பதாரரின் பக்கம் சட்டம் திரும்பியது அண்மையிலேயே. நியூ யோர்க் நகரம் 2020 மே மாதம் முதல், வேலைக்கு எடுக்குமுன் கஞ்சாவுக்காகப் பரிசோதிப்பதைப் பெரும்பாலான தொழில்களில் தடைசெய்தது. கலிபோர்ணியாவில் 2024 சனவரி 1இல் நடைமுறைக்கு வந்த சட்டம், போதை தராத கஞ்சா எச்சம் சிறுநீரில் இருப்பதை மட்டும் காரணமாகக் காட்டி ஒருவருக்கு வேலை மறுப்பதை விலக்கியது. கட்டிட நிர்மாணத் தொழிலாளர் இச்சட்டத்தின் பாதுகாப்புக்கு உட்படவில்லை.